சென்னையில் வீடோ கடையோ முதலீடாக வாங்கப் போகிறீர்களா? டோக்கன் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

“ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்துட்டேன் அண்ணா, இடம் எப்படின்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.” என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். டோக்கன் என்கிற முன்பணத்தைக் கொடுத்த பிறகு பார்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? மனசு ஏற்கெனவே அந்த வீட்டில் பால் காய்ச்சிவிட்டது. இனி நான் எந்தக் குறையைக் காட்டினாலும் “அதெல்லாம் சரிபண்ணிக்கலாம்ல?” என்றுதான் பதில் வரும்.

சென்னையில் ஃபிளாட், மனை, கடை என்று எதில் பணம் போட்டாலும் அதன் லாபமும் நஷ்டமும் டோக்கனுக்கு முந்தைய நாலைந்து வாரத்தில் கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த வாரங்களைப் பற்றியதுதான். நான் பில்டரும் இல்லை, புரோக்கரும் இல்லை. இரண்டு ஃபிளாட், ஒரு மனை, ஒரு கடை வாங்கி, கடையில் நன்றாக அடிபட்டவன், அவ்வளவுதான்.

படி 1: முதலில் ஒரு தாளில் கணக்கு

குடியிருக்க வாங்குவது வேறு கதை. பிள்ளைகள் பள்ளிக்கு எவ்வளவு தூரம், அம்மா படியேற முடியுமா, எதிர்வீட்டுக்காரர் எப்படி என்பதெல்லாம் அதில் வரும். முதலீட்டுக்கு என்றால் வாடகை எவ்வளவு வரும், விற்றால் எவ்வளவு வரும் என்ற இரண்டு கேள்விதான். இதில் எது உங்களுக்கு முக்கியம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஏனென்றால் சென்னையில் வாடகை நன்றாக வரும் சொத்தும் விலை நன்றாக ஏறும் சொத்தும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

உதாரணத்துக்கு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஃபிளாட், விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத்தில் இருப்பதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அது 4 லட்சம். பத்திரச் செலவு 7 சதவீதம், அது 5.6 லட்சம். கொசுவலை, கிச்சன் அலமாரி, ஃபேன், கெய்சர் இல்லாமல் யாரும் வாடகைக்கு வர மாட்டார்கள், அதற்கு ஒரு 3 லட்சம். ஆக 92.6 லட்சம். வாடகை 22,000 ரூபாய். வருடத்தில் ஒரு மாதம் காலி என்று கழித்தால் 2.42 லட்சம் வரும். அதில் சொத்து வரி, ஆள் மாறும்போது அடிக்கும் பெயின்ட், புரோக்கர் கமிஷன் என்று ஒரு 35,000 கழித்தால் கையில் நிற்பது 2.07 லட்சம். போட்ட பணத்துக்கு 2.2 சதவீதம். பேங்க் எஃப்.டி. வட்டியே இதைவிட அதிகம்.

இதே ஃபிளாட்டுக்கு 60 லட்சம் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்றால் இ.எம்.ஐ. ஏறத்தாழ 52,000. வாடகை போக மாதம் 30,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். “வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும் சார்” என்று சொல்லும் விற்பனைப் பையனிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள், பேச்சு மாறிவிடும்.

ஆக, புது ஃபிளாட்டை முதலீடாக வாங்குகிறவர் உண்மையில் விலை ஏற்றத்தின் மீதுதான் பணம் கட்டுகிறார். தப்பில்லை. ஆனால் விலை ஏறுவது கட்டடத்துக்கா மண்ணுக்கா என்று தெரிந்து கட்ட வேண்டும். அதற்குத்தான் படி 3. அதற்கு முன் ஏரியா.

படி 2: ஏரியாவை மழையில் பாருங்கள்

மெட்ரோ வருகிறது என்பதுதான் இன்றைக்கு எல்லா விளம்பரத்திலும் முதல் வரி. வருவது உண்மைதான். மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மூன்று வழித்தடங்கள்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒன்று, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒன்று. மொத்தச் செலவு 63,246 கோடி ரூபாய். ஒன்றிய அமைச்சரவை இதற்கு 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் ஸ்டேஷன் வரப்போவது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே நிலத்துக்காரருக்குத் தெரியும். விலையில் பாதி ஏற்றத்தை அவர் ஏற்கெனவே வாங்கியிருப்பார். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது, ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் விலை பேசுகிறவர்கள் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே அதைச் சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தார்கள். பரந்தூர் விமான நிலையத்தை 2022இல் அறிவித்தார்கள். அதை நம்பிக் காஞ்சிபுரம் பக்கம் மனை வாங்குகிறவர் பத்து வருடமாவது காத்திருக்கும் பணத்தைத்தான் அங்கே போட வேண்டும். மகள் கல்யாணப் பணத்தைப் போடக் கூடாது.

இந்த ஊரில் ஏரியாவைத் தேர்ந்தெடுக்க ஒரே நல்ல மாதம் நவம்பர் அல்லது டிசம்பர். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்று நமக்கு இலவசமாகக் காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரியின் சில தெருக்கள், பெரும்பாக்கம் எல்லாம் செய்தியில் வந்த பெயர்கள். செய்தியில் வராத தெருக்கள்தான் ஆபத்து. நான் செய்வது இதுதான்: அந்தத் தெருவில் இஸ்திரி வண்டிக்காரரையோ டீக்கடைக்காரரையோ கேட்பேன். ஒருமுறை மேடவாக்கம் தாண்டி ஒரு மனையைப் பார்க்கப் போயிருந்தேன். புரோக்கர் “இங்க தண்ணியே நிக்காது சார், மேட்டு ஏரியா” என்றார். பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே பெயின்ட் உரிந்து, மேலே நன்றாக இருந்தது. அந்த வீட்டுக்காரர் மோட்டாரைத் தரையில் வைக்காமல் நாலடி மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தார். மோட்டார் மேடையைப் பார்த்த பிறகு புரோக்கரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊர்ப் பெயரையும் பாருங்கள். ஏரி, தாங்கல், கரணை என்று வந்தால் கூடுதலாக ஒரு நாள் விசாரிக்க வேண்டும். இதற்கு எதிர்வாதமும் உண்டு: தி.நகரே 1920களில் லாங் டாங்க் ஏரியைத் தூர்த்துக் கட்டியதுதான், அங்கே விலை குறைந்தா போயிற்று? சரிதான், ஆனால் நூறு வருடம் காத்திருக்க உங்களால் முடியுமா? பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சர் இடமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்தப் பக்கம் பிளான் அனுமதி இன்னும் கைக்கு வராத புராஜெக்ட்டில் புக் செய்கிறவர்கள், மேப்பைத் திறந்து தூரத்தை அளந்து பார்த்து, இப்போதைய நிலை என்ன என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் கேட்ட பிறகுதான் செக்கில் கையெழுத்துப் போட வேண்டும்.

படி 3: உங்கள் பங்குக்கு மண் எவ்வளவு?

கட்டடம் கட்டிய நாளிலிருந்து அதன் மதிப்பு இறங்கும். ஏறுவது மண். அடுக்குமாடியில் உங்களுக்குக் கிடைக்கும் மண்ணுக்குப் பெயர் யு.டி.எஸ்., பிரிபடாத பங்கு. விளம்பரத்தில் ஜிம், நீச்சல் குளம், யோகா தளம் எல்லாம் இருக்கும், யு.டி.எஸ். மட்டும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும், அதுவும் எழுத்தில்.

கோடம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் நாலு வீடு உள்ள பழைய கட்டடம் என்று வையுங்கள். வீடு ஒன்று 850 சதுர அடி, யு.டி.எஸ். 600. இன்னொரு பக்கம் ஓ.எம்.ஆரில் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் 1,150 சதுர அடி, யு.டி.எஸ். 380. இரண்டும் 90 லட்சம். கணக்குக்காகக் கோடம்பாக்கத்தில் மண் சதுர அடி 12,000, ஓ.எம்.ஆரில் 5,000 என்று வைத்தால், முதல் வீட்டில் 72 லட்சத்துக்கு மண், 18 லட்சத்துக்குக் கட்டடம். இரண்டாவதில் 19 லட்சத்துக்கு மண், 71 லட்சத்துக்குக் கட்டடம். பதினைந்து வருடம் கழித்து இந்த 18 லட்சமும் 71 லட்சமும் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய ஃபிளாட்டில் இன்னொரு சங்கதி. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரணக் கட்டடத்துக்கான எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனை அளவைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதத்தை, 1.5இலிருந்து 2 ஆக்கின. அதே ஒரு கிரவுண்டில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இப்போது 4,800. இடித்துக் கட்டும் பில்டருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அந்த 1,200 சதுர அடிதான் பேரத்தின் ஆதாரம். நாலு பேரில் ஒருவர் முரண்டு பிடித்தால் முன்பு எதுவும் நகராது. 2022இல் இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வந்திருக்கிறது. அதனால் தி.நகர், மாம்பலம், அண்ணா நகர், அடையாறு பக்கம் முப்பது வருடப் பழைய, லிஃப்ட் இல்லாத, பார்க்க அழுக்காக இருக்கும் ஃபிளாட்டை நான் மதிப்பாகப் பார்க்கிறேன். இது என் சாய்வு, ஒத்துக்கொள்கிறேன். அதில் சிக்கலும் உண்டு: தெரு குறுகலாக இருந்தால் முழு எஃப்.எஸ்.ஐ.யும் கிடைக்காது, பேங்க் பழைய கட்டடத்துக்குக் கடன் குறைத்துத்தான் தரும், மேல்வீட்டுக்காரர் மொட்டை மாடியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருப்பார்.

மனை என்றால் இந்தக் குழப்பம் இல்லை, எல்லாமே மண். ஆனால் வாடகை வராது, வேலி போட வேண்டும், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

படி 4: காகிதம். இங்கேதான் அவசரப்படக் கூடாது

ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். புரோக்கர் தரும் பிரதியை நம்ப வேண்டாம். குறைந்தது முப்பது வருடத்துக்குப் போடுங்கள். பழைய வருடங்கள் இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பத்திரம். விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுச் சங்கிலி வரையுங்கள். போன பத்திரத்தில் வாங்கியவர் அடுத்த பத்திரத்தில் விற்றவராக இருக்க வேண்டும். எங்கேயாவது சங்கிலி அறுந்தால், நடுவில் ஒருவர் இறந்திருப்பார். அப்போது வாரிசுச் சான்றும், எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். பெண் வாரிசுகளை விட்டுவிட்டு அண்ணன் தம்பி மட்டும் பாகப் பிரிவினை செய்த சொத்துகள் இந்த ஊரில் ஏராளம்.

அப்புறம் எம்.ஓ.டி. என்று ஒரு வரி வரும். சொத்தை வைத்துப் பேங்கில் கடன் வாங்கியதற்கான பதிவு அது. கடன் அடைந்தால் அதை ரத்து செய்யும் ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். நான் குரோம்பேட்டையில் ஒரு ஃபிளாட் பார்த்தபோது 2009இல் ஒரு எம்.ஓ.டி., அதற்கு ரசீது இல்லை. விற்பவர் “கடன் எப்பவோ முடிஞ்சது தம்பி, பத்திரம் என் பீரோலதான் இருக்கு” என்றார். இருந்ததும் உண்மை. ஆனால் கடன் கொடுக்கப் போகும் என் பேங்க்கின் வக்கீல் பீரோவைப் பார்ப்பதில்லை, ஈ.சி.யைத்தான் பார்ப்பார்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண்ணும் உட்பிரிவும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் எஃப்.எம்.பி. வரைபடத்தில் உள்ள அளவு தரையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரத்துக்குள் என்றால் டவுன் சர்வே பதிவேடு. இவற்றோடு பலரும் விட்டுவிடும் ஒன்று அ-பதிவேடு. நிலத்தின் வகை அதில்தான் இருக்கிறது. புறம்போக்கு, அனாதீனம், மேய்க்கால், ஏரி என்று எது இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்று தனியாக விசாரியுங்கள், பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை விற்றது செல்லாது. கோயில் நிலம், வக்ஃபு நிலம் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை. சென்னையைச் சுற்றி இன்னொரு பழைய பேய் உண்டு: 1978ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். சட்டம் 1999இலேயே போய்விட்டது, ஆனால் அதற்கு முன் அரசு எடுத்துக்கொண்ட நிலங்கள் இன்னும் அரசின் கணக்கில் இருக்கலாம். வக்கீலிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பவர், அதாவது உரிமையாளர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவரிடம் வாங்கினால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. வெறும் பவர் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் உரிமையை மாற்றாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனைக்கு இன்னும் ஒன்று. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கும். அதற்குப் பிறகு வந்த வரன்முறைத் திட்டத்தில் 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் இடம். “ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்” என்று யாராவது சொன்னால், பண்ணிக் கையில் கொடுங்கள், பிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். “சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு” என்ற வாசகத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2022இல் சி.எம்.டி.ஏ. எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது, எல்லைக்குள் இருப்பது வேறு, லேஅவுட்டுக்கு ஒப்புதல் வாங்கியிருப்பது வேறு. ஒப்புதல் எண்ணைக் கேட்டு, ஒப்புதலான வரைபடத்தை எடுத்து, உங்கள் மனை அதில் மனையாக இருக்கிறதா, பூங்காவுக்கு விட்ட இடமா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பூங்கா இடத்தை விற்றிருக்கிறார்கள்.

வக்கீலை நீங்களே பிடியுங்கள். பில்டர் சொல்லும் வக்கீல் பில்டரின் வக்கீல்.

படி 5: கட்டிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் என்றால்

500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் முடிப்பதாகச் சொன்ன தேதி, அனுமதி வரைபடம் எல்லாம் வரும். விற்பனையாளர் வாயால் சொன்ன தேதியும் அங்கே இருக்கும் தேதியும் எத்தனை மாதம் வித்தியாசம் என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். வாங்குகிறவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். தாமதமானால் பணத்தைத் திரும்பப் பெறவோ, காத்திருந்து வட்டி வாங்கவோ உரிமை உண்டு. ஒப்படைத்த பிறகு 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர்தான் சரிசெய்ய வேண்டும். விலையைக் கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், பொது இடங்களின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கில் மலிவாகத் தெரிந்தது அப்போது மலிவாக இருக்காது. பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதையும் கணக்கில் சேருங்கள்.

படி 6: கடை, ஆபீஸ்

வாடகைதான் வேண்டும் என்பவருக்கு இதுதான் பாதை, ஆனால் இங்கே தப்புக்கு மன்னிப்பு குறைவு. அதே 80 லட்சத்துக்கு மெயின் ரோட்டில் ஒரு பழைய கடை. பத்திரச் செலவு 9 சதவீதம் சேர்த்து 87.2 லட்சம். வாடகை 40,000. கடை காலியானால் அடுத்த ஆள் வர ஆறு மாதம்கூட ஆகும், அதனால் வருடத்துக்குப் பத்து மாதம் என்றே போடுகிறேன். 4 லட்சம், செலவு 35,000 போக 3.65 லட்சம். 4 சதவீதத்துக்குச் சற்று மேல். வீட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நான் அடிபட்ட கதை இதுதான். புறநகரில் ஒரு சின்ன வணிக வளாகம், முதல் மாடியில் 380 சதுர அடி. பில்டர் மூன்று வருடத்துக்கு “நிச்சய வாடகை” என்று எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருடம் மாதாமாதம் வந்தது. பிறகு நின்றது. அந்த வாடகை எந்த வாடகைக்காரரிடமிருந்தும் வரவில்லை, நான் கொடுத்த விலையிலிருந்தே எனக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. சாவியை வாங்கி நானே ஆள் தேடினேன். டியூஷன் சென்டர்க்காரர் வந்தார், “டாய்லெட் எங்க?” என்றார், பொது டாய்லெட் தரைத் தளத்தில் பூட்டிக் கிடந்தது. பல் டாக்டர் வந்தார், தண்ணீர் லைன் இல்லை. பிரியாணிக் கடைக்காரர் புகைபோக்கி எங்கே விடுவது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பதினோரு மாதம் காலி.

அதனால் கடை வாங்கும் முன் உங்களை வாடகைக்காரராக நினைத்துக்கொண்டு அங்கே அரை மணி நேரம் நில்லுங்கள். பைக் எங்கே நிறுத்துவேன், போர்டு எங்கே மாட்டுவேன், த்ரீ-ஃபேஸ் கரன்ட் இருக்கிறதா, தண்ணீர், டாய்லெட், ஷட்டருக்கு முன் படி எத்தனை. தரைத் தளத்துக்கும் முதல் மாடிக்கும் வாடகையில் வித்தியாசம் பலரும் நினைப்பதைவிடப் பெரியது. மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, காலை பதினொன்றுக்கு ஒருமுறை போய் எதிர்ச்சாரியில் கூட்டமா இந்தச் சாரியிலா என்று பாருங்கள். வளசரவாக்கம், போரூர் வழியாகப் போகும் ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்புப் போட்ட காலத்தில் வியாபாரம் எப்படி இருந்தது என்று அங்குள்ள கடைக்காரர்களிடம் கேட்டால், இன்னும் வேலை நடக்கும் சாலையில் கடை வாங்கலாமா என்பதற்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். சாலை விரிவாக்கக் கோடு மாஸ்டர் பிளானில் எங்கே போகிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் ஐந்தடி போனால் சின்னக் கடையில் மிச்சம் என்ன?

கட்டடம் எந்த உபயோகத்துக்கு அனுமதி வாங்கியது என்று பாருங்கள். வீட்டுக்கு வாங்கிய அனுமதியில் கீழ்த்தளத்தைக் கடையாக்கி விற்பது சென்னையில் சர்வசாதாரணம், சீல் வைக்கிற நாளில்தான் அது அசாதாரணமாகும்.

குத்தகை ஒப்பந்தத்தில் வாடகைக்காரர் காலி செய்ய முடியாத லாக்-இன் காலம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை எத்தனை சதவீத உயர்வு, உள்வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை உண்டா, காலி செய்யும்போது எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்ற நாலும் தெளிவாக இருக்க வேண்டும். வணிக வாடகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். நீங்கள் ஜி.எஸ்.டி.யில் பதியாதவர், வாடகைக்காரர் பதிந்தவர் என்றால் 2024 அக்டோபரிலிருந்து அவரே கட்ட வேண்டும், பேரம் பேசும்போது அவர் இதைச் சொல்லி வாடகையைக் குறைக்கப் பார்ப்பார். ஏற்கெனவே வாடகைக்காரர் இருக்கும் கடை என்று விற்றால், கடைசி ஒரு வருடப் பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள். விற்பதற்காகவே மச்சானை வாடகைக்கு உட்கார வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டு வாடகைக்கும் ஒரு வரி: பத்து மாத அட்வான்ஸ் என்பது நம் ஊர் வழக்கம்தானே தவிர, சட்டம் சொல்வதல்ல. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாதம்தான், ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும்.

படி 7: பணத்தை எப்படிப் புரட்டுவது

வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் வரைதான் பேங்க் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது, அது உங்கள் பையிலிருந்து. கடைக்கு என்றால் வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு.

பத்திரச் செலவு தமிழ்நாட்டில் முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். பில்டரிடமிருந்து முதல்முறையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை: 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை.

ரொக்கம் பற்றி: 20,000 ரூபாயோ அதற்கு மேலோ சொத்து விஷயத்தில் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தப்பு. “கொஞ்சம் பிளாக்ல கொடுங்க” என்று கேட்பவர் அவர் வரியை உங்கள் தலையில் கட்டுகிறார், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து லாபம் பெரிதாகக் காட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற வரியாகப் பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் அதைவிட மிக அதிகம், அன்றைக்கு ஆடிட்டர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையில் ஐந்து லட்சம்தான் இருக்கிறது, ஆனால் ஆபீஸ் கட்டட வாடகையில் பங்கு வேண்டும் என்பவருக்கு ரெய்ட் இருக்கிறது, பலரின் பணத்தைச் சேர்த்து ஆபீஸ், மால் போன்ற கட்டடங்களை வைத்திருக்கும் டிரஸ்ட் அது. பங்குச் சந்தையில் ஒரு யூனிட்கூட வாங்கலாம், விநியோகிக்கக்கூடிய வருமானத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. மைண்ட்ஸ்பேஸ் ரெய்ட் கையில் போரூரில் ஆபீஸ் வளாகம் இருக்கிறது, நெக்ஸஸ் ரெய்ட் கையில் வடபழனி விஜயா மால் இருக்கிறது. டாய்லெட் பூட்டிக் கிடக்கிறதா என்று நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நான் அந்தப் பதினோரு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கடை தேடவில்லை, இதில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். விலை சந்தையோடு ஏறி இறங்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

படி 8: பதிவுக்குப் பிறகும், விற்கும்போதும்

பத்திரம் பதிந்ததும் வேலை முடிந்தது என்று எல்லாரும் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பட்டா மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் நாலையும் அந்த மாதமே முடித்துவிடுங்கள். மனைக்கு வேலியும் பெயர்ப் பலகையும். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் சொத்துக்கு நீங்களே ஈ.சி. போட்டுப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாமல் ஒரு வரி ஏறியிருந்தால் அப்போதே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்ட கால லாபம், வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைவானதை எடுத்துக்கொள்ளலாம். வீடு விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினாலோ, ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற அரசு நிறுவனங்களின் பாண்டுகளில் 50 லட்சம் வரை போட்டாலோ விலக்கு உண்டு.

வீட்டுக் கடனை அடைத்ததும் பேங்கிலிருந்து மூலப் பத்திரங்களை வாங்கி, அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகம் போய் ரசீதைப் பதிந்துவிட்டு வர வேண்டும். குரோம்பேட்டைப் பெரியவரிடம் அவ்வளவு பேசிய நான், என் முதல் ஃபிளாட்டை விற்க ஆள் வந்தபோது அவர் வக்கீல் என் ஈ.சி.யை நீட்டி ஒரு வரியைப் பேனாவால் தட்டிக் காட்டினார். 2013 எம்.ஓ.டி. கடனை நான் அடைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கடன் கொடுத்த கிளை அதற்குள் வேறொரு கிளையோடு இணைந்திருந்தது, பழைய கோப்பைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போடும் அதிகாரியைப் பிடித்துப் பதிந்து முடிக்க நாற்பத்தோரு நாள் ஆனது. வாங்க வந்தவர் முப்பதாவது நாளே பக்கத்துத் தெருவில் வேறொரு ஃபிளாட்டுக்கு டோக்கன் கொடுத்துவிட்டார்.